செம்பாறை தட்டியதும் நிறுத்திவிடலாமா?

செட்டிநாட்டுப் பக்கம் மண் பரிசோதனைக்குப் போனால் யாராவது ஒருத்தர் கண்டிப்பாக இதைக் கேட்டுவிடுவார். “கானாடுகாத்தான்ல, பள்ளத்தூர்ல அம்புட்டுப் பெரிய வீடெல்லாம் நூறு வருஷமா நிக்குது தம்பி, எந்த மிஷினை வச்சுக் குத்திப் பாத்துக் கட்டுனாக? உங்க சின்னப் பாலம் நிக்காதாக்கும்?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் தரையை நன்றாக உயர்த்திக் கட்டினார்கள், விழுகிற மழைத்தண்ணீர் தெரு வழியாக ஊருணிக்குப் போய்ச் சேர வழி வைத்தார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. சாலையோரச் சிறுபாலம் தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் வந்தாக வேண்டும், அதாவது சுற்றுவட்டாரத்திலேயே மோசமான மண் இருக்கிற இடத்தில்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாயில் மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற கலுங்குக்குக் கீழே, பழைய குழாய்ப் பாலத்தை எடுத்துவிட்டு பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி மாதிரியான கான்கிரீட் சிறுபாலம் கட்டுகிற வேலை. துளை போடுகிற முக்காலியை நிறுத்தி, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, சாம்பிள் குழாய் 45 செ.மீ. இறங்க சுத்தியல் எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணுவோம். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, துளை போடும்போது கலைந்த மண் அது. மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிதான் ‘என்’ வேல்யூ, அது கூடக்கூட மண் கெட்டி என்று அர்த்தம். 50 அடி விழுந்தும் குழாய் 15 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் ‘ரிஃபியூசல்’, அதாவது இதற்கு மேல் இறங்காது என்று எழுதிவிட்டுப் பலரும் கடையைக் கட்டிவிடுவார்கள்.

அங்கேயும் சீக்கிரமே ரிஃபியூசல். “செம்பாறைங்க, யானையைக் கட்டலாம்” என்றார் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இந்த ஊர் செம்பாறை மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இரும்புச்சத்து சேர்ந்து இறுகின மேலோடு அது, கீழே கருங்கல் பாறை மாதிரி தொடர்ந்து போகும் என்று சொல்ல முடியாது. உளியை மாட்டி உடைத்துக்கொண்டு கீழே போனோம். வெள்ளையும் மஞ்சளுமாகக் களி வந்தது, ‘என்’ வேல்யூ ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் அடுத்த துளையில் செம்பாறையே இல்லை. ஓடைத் தண்ணீர் எப்போதோ அரித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், அந்தப் பள்ளத்தில் கரம்பை என்கிற களிமண்தான் நிரம்பிக் கிடந்தது. உண்மையில் பாக்ஸ் கல்வெர்ட் மண்மேல் ஏற்றுகிற சுமை பெரிசில்லை. ஒரு பக்கம் கெட்டியாகவும் இன்னொரு பக்கம் களியாகவும் இருந்து, ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் வம்பு.

இந்த இரண்டாவது துளைக்கே ஒரு சண்டை நடந்தது. துளை போடுகிற ரிக்கை நிறுத்த வசதி என்று ரோட்டோரத்திலேயே போடச் சொன்னார்கள். ரோட்டோரத்தில் மேலே இருப்பது ரோடு போட்டவர்கள் கொட்டிக் கெட்டித்த மண், அதைச் சோதித்தால் அவர்கள் ரோலர் எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் தெரியும். சரி என்று கருவேல முள்ளை வெட்டி வழி பண்ணி, அடித்தளம் வரப்போகிற இடத்திலேயே போட்டோம்.

அப்புறம் தண்ணீர் மட்டம். நாங்கள் போனது சித்திரையில், துளையில் தண்ணீரே காணோம். அதை அப்படியே கணக்கில் போட முடியுமா? ஐப்பசி கார்த்திகையில் கலுங்கு பாயும்போது அங்கே தரைமட்டம் வரைக்கும் தண்ணீர் நிற்கும். மணலாக இருந்தால் தண்ணீர் அடித்தளத்தைத் தாண்டித் தரைமட்டம் வரைக்கும் ஏறும்போது தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். கரம்பைக்கோ வேறு தொல்லை, ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சலித்த மண்ணில் 10 கிராமைத் தண்ணீரிலும் இன்னொரு 10 கிராமை, மண்ணை உப்ப வைக்காத மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே எவ்வளவு உப்புகிறது என்று தெரிந்துவிடும். காசு அதிகம் ஆகாத டெஸ்ட், ஆனாலும் நிறையப் பேர் கேட்பதே இல்லை.

கடைசியில் கரம்பையைத் தோண்டி எடுத்துவிட்டு, சரளையும் மணலும் அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டித்து, தண்ணீர் அடியில் புகுந்து அரிக்காமல் இருக்க மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தடுப்புச்சுவர் இறக்கினார்கள். துளைக்கு மீட்டர் கணக்கில்தான் கூலி என்பதால், செம்பாறைக்குக் கீழே போன மீட்டரெல்லாம் எதற்கு என்று பில்லில் கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். துளைப் பதிவின் நகலோடு, பாலிதீன் பையில் அந்தக் களியையும் ஒரு கட்டி வைத்து அனுப்பினேன்.