ஆறு பேருக்குத் தெரியாதது மருமகளுக்குத் தெரிந்தது

பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு முடிக்க ஓர் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருப்பவர்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று அளக்கிறேன் எனக் கிளம்பினேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். படுக்கையில் கிடப்பவர்களை நோய் ஆதரவுச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் போய்ப் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், மருந்தாளுநர். ஊருக்குள் கிராம சுகாதார செவிலியர்.

குழுவாகச் சேர்ந்து வேலை பார்ப்பதை அளப்பதற்கென்றே கனடாவில் உருவான ஏ.ஐ.டி.சி.எஸ். என்ற அளவுகோல் இருக்கிறது. அதன் 23 கேள்வி கொண்ட வடிவத்தைத் தமிழாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 'கூட்டாண்மை' என்று நான் எழுதியிருந்ததைப் படித்த தன்னார்வலர் அக்கா ஒருவர், "இது லோன் சொசைட்டி விஷயமா மேடம்?" என்றார். 'கலந்து பேசி முடிவெடுப்பது' என்று மாற்றினேன்.

சரி, படிவம் தயார். மாதாந்தரக் கூட்டத்திலேயே எல்லோரிடமும் கொடுத்தேன், பெயரும் எழுதச் சொல்லி. எதிரில் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். வரிசையாக 5, 5, 5. என்ன முட்டாள்தனம் செய்தேன் என்று வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அப்புறம் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். பிசியோதெரபிஸ்டின் நோட்டில், 'எழுந்து உட்கார்ந்தால் தலைசுற்றல், பயிற்சி பாதியில் நிறுத்தம்' என்று மூன்று முறை. தன்னார்வலரின் பதிவில் பிரஷர் 100/60, குறைவுதான். 140/90-க்குக் கீழே இருப்பதால் மாத அறிக்கையில் அவர் 'கட்டுப்பாட்டில் உள்ளவர்'. அதாவது திட்டத்தின் வெற்றிக் கணக்கில் ஒருவர். மருந்தகத்தில் பழைய சீட்டின்படி, பிரஷரைக் குறைக்கும் அதே அம்லோடிபின் மாத்திரை. தலைசுற்றல் விஷயம் டாக்டர் காதுக்கே போகவில்லை. யாரும் வேலையில் குறை வைக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

பாட்டியின் மருமகளிடம் கேட்டேன். "பிசியோ சார் வர்ற அன்னிக்கு மட்டும் பாதி மாத்திரைதான் கொடுப்பேன்" என்றார், ரகசியம் போல. யாரிடமும் கேட்காமல் அவராகச் செய்துவந்தது.

இதையெல்லாம் சொன்னால் டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, அந்த வாரமே பாட்டியை நேரில் பார்த்து மாத்திரையை மாற்றி எழுதினார். இரண்டாம் முறை பெயரில்லாமல், மடித்துப் பெட்டியில் போடச் சொல்லிப் படிவம் வாங்கினேன். 2-ம் 3-மாக வந்தது. இப்போதுதான் நம்ப முடிந்தது.

என் வழிகாட்டி பட்டியலைப் புரட்டிவிட்டு, "டாக்டர், செவிலியர், பிசியோ எல்லாம் சரி. மருமகளை எந்தக் கட்டத்தில் போடுவாய்?" என்றார். கட்டம் இல்லை. பின்னிணைப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்தேன்.