கொறங்காட்டில் மீண்டும் கொழுக்கட்டைப் புல்

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலம், உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே ஏழெட்டு வெள்வேல மரங்கள். ஓய்வே கொடுக்காமல் மேய்த்ததில் புல் அற்றுப்போய் மண் தெரிந்தது. தண்ணீர் கட்ட வழியில்லாத மேட்டு நிலம் என்பதால் பாசனம் கேட்கும் தீவனப் புல்லான கம்பு நேப்பியரைப் பற்றி யோசிக்கவே இல்லை. அங்கே முன்பு இருந்த கொழுக்கட்டைப் புல்லையே திரும்பக் கொண்டுவர நினைத்தேன்.

முதல் முறை தோற்றேன். ஆடியில் உருவிய விதையை ஐப்பசி மழைக்கே தூவி, ஏர் ஓட்டி மூடிவிட்டேன். கோரை முளைத்தது, கொழுக்கட்டை முளைக்கவில்லை. புது விதைக்கு உறக்கம் உண்டு, ஆறேழு மாதமாவது கிடந்தால்தான் நன்றாக முளைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆழமும் ஆகாது. அரை அங்குலத்துக்குக் கீழே போனால் அந்தச் சிறு முளையால் மேலே வர முடிவதில்லை.

மிச்ச விதை துணிப்பையில் ஓராண்டு கிடந்தது. அதிலிருந்து ஐம்பதை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு முளைத்தன. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பஞ்சுபோல் மயிர் சூழ்ந்த விதை என்பதால் வீசினால் காற்றோடு போய்விடும். ஈர மணலும் சாணமும் பிசைந்து உதிர்த்துத்தான் தூவினேன், ஏக்கருக்கு மூன்று கிலோ. மேலே முள்கிளையை இழுத்ததோடு சரி.

மார்கழியில் சாண் உயரம் வந்தது. மாட்டை விடலாம் என்று அப்பா சொன்னார். ஒரு தூரைப் பிடித்து இழுத்தேன், வேரோடு கையில் வந்துவிட்டது. மாட்டின் நாக்கும் இதைத்தான் செய்யும் என்று அவரிடம் காட்டினேன். அந்த ஆண்டு முழுக்க எதையும் உள்ளே விடவில்லை. கதிர் முற்றி விதை தானாக உதிர்ந்தது.

அடுத்த ஐப்பசி மழை முடிந்து மறுபடி இழுத்தேன். தாள் அறுந்தது, தூர் அசையவே இல்லை.

இப்போது குறுக்கே முள்வேலி போட்டு இரண்டு பகுதியாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்கிறோம். தெற்கு மூலையில் மழைநீர் அரித்த இடம் மட்டும் இன்னும் மொட்டையாக இருக்கிறது. அதற்கான விதை துணிப்பையில் உறங்குகிறது.