கஃபீன் ஜெல்: ஐந்தாவது கலவையும் கஞ்சித்தண்ணி

ஜிம்முக்குப் போக முன்னம் தோலில் பூசுகிற கஃபீன் ஜெல் ஒன்றைச் செய்து பார்க்கிறேன். கரண்டியைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கிற ஜெல், கண்ணாடி மாதிரித் தெளிவு. அதற்குள் கடைசியாக 3 சதவீதக் கஃபீனும் அதே அளவு சோடியம் பென்சோவேற்றும் கரைத்த வெந்நீரை ஊற்றி இரண்டு சுற்றுச் சுற்றியதும் கரண்டி சாய்ந்தது. மூன்றாவது சுற்றில் சோறு வடித்த கஞ்சித்தண்ணி. ஜெல்லைத் தடிக்க வைக்கிற தூளான கார்போமரைத் திரும்பப் போட்டும் எழும்பவில்லை.

பென்சோவேற் போட்டதற்குக் காரணம் நாலாவது கலவை. கஃபீன் 25 பாகையில் 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும். கொதிநீரில் 60 கிராமுக்கு மேல் கரைவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 3 சதவீதம் போட்ட போத்தலை மறுநாள் வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே இலவம் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளை ஊசிகள். தோலில் தேய்த்தால் மணல். பென்சோவேற் சேர்த்தால் கஃபீன் கூடுதலாகக் கரையும், ஊசி மருந்துகளில் இருந்த பழைய வழிதான். கஃபீனை அது காப்பாற்றியது, ஜெல்லைக் கொன்றது.

கார்போமர் தடிப்பதே ஒரு மின்னேற்ற விளையாட்டு. ட்ரை எத்தனோலமைன் என்ற காரத்தை விட்டதும் அதன் சங்கிலிகள் எல்லாம் எதிரேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளி விரிகின்றன. உப்பு வந்தால் சோடியம் அந்த ஏற்றங்களைப் போர்த்து மூடிவிடும், சங்கிலி சுருண்டுவிடும். ஆகவே உப்பு என்று பெயருள்ள எதுவும் உள்ளே போகக் கூடாது. பொட்டாசியம் சோர்பேற்றும் இதே கேஸ்தான். அதோடு சோர்பேற், பென்சோவேற் இரண்டும் பிஎச் (அமில-கார அளவு) 6க்கு மேலே கிருமி வராமல் காக்கும் பாதுகாப்பானாக உருப்படியாக வேலை செய்யாது, இந்த ஜெல் நிற்பதோ 6.5இல். பாதுகாப்பானுக்கு ஃபீனொக்சி எத்தனோல் 0.9 சதவீதம் போதும், 1ஐத் தாண்ட வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். திருகோணமலையில் கடலோரக் கிணறு என்றால் நாக்கில் உவர்ப்புத் தெரியாவிட்டாலும் ஜெல்லில் தெரியும். அதே 0.6 சதவீதக் கார்போமர் வடிநீரில் நிற்கும், கிணற்றுத் தண்ணியில் வழியும். கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணியில் செய்தால் விசேஷம் என்றவர்களுக்கும் இதே பதில். பார்மசி வடிநீர்தான்.

ஆறாவது கலவையின் 100 கிராம் கணக்கு: வடிநீர் 81.2, புரொப்பிலீன் கிளைக்கோல் 15, கஃபீன் 1.5, கார்போமர் 940 0.6, ஃபீனொக்சி எத்தனோல் 0.9, ட்ரை எத்தனோலமைன் 0.8 அளவில். தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருக்க வேண்டும். கஃபீன் தூளைக் கரண்டிக் கணக்கில் அள்ளவே கூடாது. ஒரு தேக்கரண்டியில் 3 கிராமளவு இருக்கும், 10 கிராம் வாய்வழியே போனால் உயிராபத்து.

இனிக் கட்டி. கார்போமரை நேரே தண்ணீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பு, உள்ளே காய்ந்த தூளாக மீன்கண் உருண்டைகள் வரும். எவ்வளவு கிண்டினாலும் கரையாது. மாரியில் இன்னும் மோசம், போத்தலைத் திறந்த அரை மணிக்குள் தூளே ஈரம் இழுத்துத் திரண்டுவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை பாதி. ஃபேனை நிறுத்தி, மூக்கைக் கட்டி, தேத்தண்ணி வடியால் சலித்து, முதலில் கிளைக்கோலில் குழைப்பதுதான் இதுவரை பிழைக்காத வழி. கிளைக்கோலில் அது வீங்காமல் நனையும். பிறகு கஃபீன் கரைத்து ஆறவைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஃபீனொக்சி எத்தனோலையும் கலந்து, மூடி, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காற்றுக் குமிழ் வெளியேறுவதும் இந்த இரவில்தான். ஜெல் கட்டிய பிறகு குமிழ் அசையாது, அப்படியே உறைந்து நிற்கும். ட்ரை எத்தனோலமைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிளெண்டர் இல்லாமல் அகப்பையால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். பிளெண்டரின் வெட்டு சங்கிலியை அறுத்துவிடும். பிஎச் 6.5இல் நிறுத்தலாம், 9ஐத் தாண்டினால் திரும்ப இளகும்.

கார்போமரை 1 சதவீதத்துக்கு ஏற்றினால் காய்ந்த பிறகு அழுக்குத் திரள் மாதிரி உருண்டு வரும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஊசிகள் திரும்பும், அலுமாரியே நல்லது. வியர்த்த தோலில் பூசினால் வியர்வை உப்பில் அங்கேயே தண்ணியாகி ஒழுகும். ஜிம்முக்குப் போக முன்னம், துடைத்த தோலில், மெல்லிசாக. சவரம் செய்த இடம், கீறல் வேண்டாம். முதலில் முன்கையில் சின்ன இடத்தில் ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணை, கிரியேட்டினையும் போடுங்கோவன்" என்று, தசைக்காகக் குடிக்கிற அந்தத் தூளை ஜிம் பொடியள் கேட்பது நிற்கவில்லை. 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறு தோலைக் கடப்பது அரிது என்ற விதி 2000இலேயே எழுதப்பட்டது. கிரியேட்டின் 131தான், அளவில் தேறும். ஆனால் அது தண்ணீரை விட்டு தோலின் கொழுப்புக்குள் போக மறுக்கும், ஜெல்லில் கிடந்தாலோ பயனில்லாத கிரியேட்டினினாக மாறும். நாளுக்கு 3 முதல் 5 கிராம் வேண்டிய சாமானைத் தோலால் ஏற்ற ஏலாது. புரதம் பேச்சுக்கே இல்லை. கஃபீனும் பெரிய கெட்டிக்காரன் இல்லை: 5 கிராம் ஜெல்லில் 75 மில்லிகிராம், அதிலும் ஒரு பங்குதான் மெதுவாக உள்ளே போகும். சாயத் தேத்தண்ணி ஒரு கோப்பை குடித்தால் அதிலுள்ளது கிட்டத்தட்ட முழுக்க ஏறும். மெந்தோல் போடாததும் இதனால்தான், குளிர்ந்தால் வேலை செய்கிறது என்று மனம் நம்பிவிடும். தோலை ஊடுருவும் கரைப்பானான டிஎம்எஸ்ஓ பக்கமே போக வேண்டாம், அது அழுக்கையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

கார்போமர் கொழும்புப் புறக்கோட்டையில் சில்லறையாகக் கிடைக்கும். சானிடைசர் காலத்து மிச்சம், லேபல் இல்லாத பையில் வந்தது ஒன்று தடிக்கவே இல்லை. நிறைய வாங்க முன்னம் அரைக் கிராமில் சோதியுங்கள்.

அடுத்தது மக்னீசியம் குளோரைட் ஜெல். உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் அந்த உப்பு தாராளம், ஆனால் சுத்தம் செய்கிற பாடு பெரிது. அதற்குக் கார்போமர் சரிவராது, ஏற்றமில்லாத ஹைட்ராக்சி எத்தில் செலுலோஸ் 2 சதவீதம் பார்க்க வேண்டும். தூள் இன்னும் வந்து சேரவில்லை.

ஆறாவது கலவை மூடிக்குள் ஊறுகிறது. மேலே நுரை இன்னும் ஒரு விரல் உயரம். காலையில் அது அடங்கியிருந்தால் ட்ரை எத்தனோலமைன்.