பானெட்டின் எடை ரெசினில் இருக்கிறது

காரின் எஞ்சினை மூடும் எஃகு பானெட்டுக்கு மாற்றாக ஃபைபர்கிளாஸில் ஒன்றை வீட்டிலேயே செய்ய முனைந்தபோது, பொருளை மாற்றினாலே எடை குறைந்துவிடும் என்று நம்பினேன். கையால் படிய வைத்த ஃபைபர்கிளாஸின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆயினும் என் முதல் பானெட் கனத்தது. ஓரத்தில் லேசாக இடித்ததும் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சில் நட்சத்திர வடிவில் விரிசல் விழுந்தது.

காரணம் ரெசின் என்னும் பிசின். வலிமையைத் தருவது கண்ணாடி இழை. அதை நனைத்துப் பிணைக்கத் தேவையானதற்கு மேல் ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் எடையையும் நொறுங்கும் தன்மையையுமே கூட்டும். இப்போதெல்லாம் வெட்டிய இழைகளாலான விரிப்பை, அதாவது மேட்டை, முதலில் நிறுத்துப் பார்த்து, அதன் எடையைப் போல் இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு ரெசினை மட்டுமே எடுக்கிறேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் என்றால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ போதும். பள்ளம் வெட்டிய ரோலரால் பொறுமையாக உருட்டினால் காற்றுக் குமிழ்கள் வெளியேறி, மேட்டின் வெண்மை முழுதும் மறைந்துவிடும்.

அச்சு எடுப்பதற்குப் பழைய பானெட்டே மாதிரி. அதன் மேல் மெழுகைப் பல பூச்சுகள் தேய்த்து மெருகேற்றியாக வேண்டும். அச்சு, பாகத்தைவிட இரு மடங்காவது தடிமனாக இருப்பதும், அதன் முதுகில் தாங்குசட்டங்களைப் பிணைத்த பிறகே மாதிரியிலிருந்து பிரிப்பதும் நல்லது. இல்லையேல் அச்சு முறுக்கிக்கொள்ளும், அதில் வார்ப்பவை எல்லாம் அந்த முறுக்கோடே பிறக்கும்.

அச்சினுள் முதலில் பூசும் ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அதுவே மேட் இடும் பதம். அதற்கு முன் அவசரப்பட்டால், மேலே வரும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பான் அதை ஊடுருவிச் சுருக்கிவிடும்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரையும், அந்த இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். காற்றோட்டமும், கரிம ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம்.

ஃபைபர்கிளாஸுக்கு எஃகின் விறைப்பு இல்லாததால், அடிப்புறத்தில் நுரைப்பட்டைகளை வைத்து மேலே மேட் போர்த்தி விலா எழுப்புகிறேன். வெளித்தோல் நன்கு இறுகுமுன் இதைச் செய்தால் விலாவின் தடம் வெளியே தெரியும். பழைய பூட்டை மட்டும் நம்பாமல், முன்மூலைகள் இரண்டிலும் பானெட்டைப் பிடித்துவைக்கும் பானெட் பின்களைப் பொருத்தி, அவை அமரும் இடங்களில் மேட்டைக் கூடுதலாக அடுக்கிவிடுகிறேன்.