குழித்தட்டு நாற்று: பூவாளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

சின்னச் சின்னக் குழிகள் கொண்ட குழித்தட்டில் நாற்று விட்டால் விதை மிச்சம், பிடுங்கும்போது வேர் அறுபடாது, நட்ட செடி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் 98 குழித் தட்டில் ஒரு செடிக்குக் கிடைப்பது நாலைந்து தேக்கரண்டி தென்னைநார்த் தூள்தான். மேட்டுப்பாத்தி பொறுத்துக்கொள்ளும் பிழையை இந்தச் சின்னக் குழி பொறுக்காது.

தூளில் முதலில் கவனிக்க வேண்டியது உப்பு. கழுவாத தூளில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு நிறைய இருக்கும். அப்படியே நிரப்பினால் முளைத்த நாற்றும் இலை ஓரம் கருகிக் குட்டையாக நின்றுவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடியுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஈசி மீட்டர் இருந்தால் 1 mS/cm-க்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். கையில் அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது.

விளிம்புவரை நிரப்பி, அமுக்காமல், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அது போதும். மேலே மெல்லிசாய்த் தூள் மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் போர்த்துங்கள். உள்ளே சூடும் ஈரமும் நிற்பதால் முளைக்கும்வரை தண்ணீர் வேண்டாம். தக்காளி நாலைந்து நாளில் எட்டிப் பார்க்கும். மிளகாய்க்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தெரிந்த அன்றே தட்டுகளைப் பிரித்து நிழல்வலைக்குள் பரப்ப வேண்டும். 'எல்லாம் முளைக்கட்டுமே' என்று காத்திருந்தால், முந்தியவை இருட்டில் வெளுத்து நெடுநெடுவென நீண்டுவிடும். நீண்ட தண்டு பிறகு குறுகாது.

அடுத்த ஆபத்து நாற்றழுகல். தண்டின் அடிப்பகுதி நீர் கோத்ததுபோல் ஆகி, இளைத்து, நாற்று அப்படியே சாயும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை அது. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைத்திருந்தால் கொஞ்சம் தைரியம். ஆனால் தினம் இரண்டு வேளை நனைத்தால் அதுவும் காப்பாற்றாது. காலையில் ஊற்றுங்கள். மாலை ஊற்றினால் இரவெல்லாம் தண்டடி ஈரமாகவே கிடக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஓரக் குழிகள் முதலில் காயும், அவற்றுக்கு மட்டும் தனியாக ஊற்றலாம்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குங்கள். தக்காளிக்கு 25 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் என்பது பொதுக் கணக்கு. நாளை எண்ணுவதைவிட வேரைப் பார்ப்பது மேல். நாற்றை இழுத்தால் தூள் உதிராமல் முழுக் கட்டியாக வர வேண்டும். வேர் பழுப்பேறி அடியில் சுருண்டிருந்தால் நாள் கடந்துவிட்டது.

மாலையில் நடுங்கள். கட்டியின் மேல்பரப்பு தெரியாதபடி மண் மூட வேண்டும். தெரிந்தால் அந்தத் தூளே விளக்குத்திரிபோல் ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டுவிடும். சுற்றிலும் மண் நனைந்திருக்க, செடி மட்டும் வாடும்.