டெண்ட்டுக்கு ஏர் கூலர் வாங்கலாமா? எங்க, எப்பன்னு பாத்துட்டு வாங்குங்க

சித்திரை பொறந்தா போதும், டெண்ட்டுக்குள்ள வைக்கிற மாதிரி குட்டி ஏர் கூலர் விக்கிறாங்களே, யுஎஸ்பில ஓடுதாம், விலையும் கம்மியா இருக்கு, வாங்கலாமான்னு கேக்க ஆரம்பிச்சிடுறாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மத்தியான வெயிலுக்கு, நல்லா காத்து போற எடத்துல வைக்கிறதா இருந்தா கூலர் வேலை செய்யும். ஆத்தோரமோ கடலோரமோ ராத்திரி தூங்கறதுக்குன்னா அந்த காசுக்கு ஒரு நல்ல ஃபேன் வாங்கிடுங்க.

கூலர்ல கம்ப்ரஸர், கேஸ் எதுவும் கிடையாது, மண்பானைல தண்ணி எப்படி ஜில்லுன்னு ஆகுதோ அதே சங்கதிதான், தண்ணி ஆவியாகுறப்ப சுத்தி இருக்குற சூட்ட இழுத்துக்குது. 1 லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2400 கிலோஜூல் சூடு வேணும், அது பெரிய அளவுதான். ஆனா காத்துல ஏற்கனவே ஈரம் நெறைஞ்சு கெடந்தா அந்த தண்ணி ஆவியாகி எங்க போகும்?

இத கண்ணால பாக்க ரெண்டு சாதா தெர்மாமீட்டர் போதும். ஒண்ண அப்படியே விட்டுடுங்க, இன்னொண்ணோட குமிழ்ல பழைய வேட்டித்துணி ஒரு துண்டு சுத்தி, தண்ணில நனைச்சு, அட்டையால வேகமா விசிறுங்க. காவேரிப்பட்டணம் பக்கம் எங்க மாமா மாந்தோப்புல வெயில் நேரத்துல செஞ்சு பாத்தப்ப, துணி சுத்துனதுல அந்த செவப்பு கோடு பாக்க பாக்க இறங்கிகிட்டே வந்து 23ல நின்னுச்சு, பக்கத்துல இருந்தது 38. இந்த வித்தியாசம்தான் கூலருக்கு கெடைக்கிற மொத்த இடம், கூலருக்குள்ள தண்ணில நனையிற பேட் நல்லா இருந்தா அதுல 60லேர்ந்து 80 சதவீதம் வரைக்கும் இறக்கும், அதாவது 38 டிகிரில உள்ள போற காத்து 27, 28ஆ வெளிய வரும். மாமாவே நம்பல, கூலர் முன்னாடி கைய நீட்டி நீட்டி பாத்தாரு.

சித்தப்பா பையன் சென்னைல இருக்கான், அவன் இதே மாதிரி ஒண்ண வாங்கிட்டு போய் கோவளம் பக்கம் டெண்ட் போட்டுட்டு, அண்ணா இது சுத்த ஏமாத்து வேலைன்னு ஃபோன்ல கத்துனான். ஏமாத்து இல்லடா தம்பி, ஊரு அப்படி. 32 டிகிரி, ஈரம் 75 சதவீதம்னா ஈரத்துணி தெர்மாமீட்டர் 28 காட்டும், மொத்த இடமே 4 டிகிரிதான், அதுல கூலர் 3 இறக்குனா பெருசு, அதுக்கும் சேத்து ஒடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும்.

நம்ம ஊர்லயும் எல்லா நேரமும் கத ஒண்ணு இல்ல. ராத்திரி வெப்பம் இறங்க இறங்க அதே காத்துல ஈர சதவீதம் ஏறும், ஒகேனக்கல் மாதிரி காவேரி ஓரம்னா கேக்கவே வேணாம். (அங்க காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம டெண்ட் போடாதீங்க, யானை நடமாட்டம் இருக்குற எடம்.) ஐப்பசி மழைலயும் அதே கததான். தர்மபுரிகிட்ட இருக்குற வத்தல்மலை மேல போறவங்களுக்கு கூலரே தேவப்படாது, போர்வை எடுத்துட்டு போங்க.

இதையெல்லாம் விட முக்கியமானது டெண்ட்ட மூடி வச்சுட்டு கூலர ஓட்டுறது, தயவுசெஞ்சு யாரும் அத செய்யாதீங்க. ரெண்டு பேரு படுக்குற டெண்ட்டுக்குள்ள மொத்தமே 3 கன மீட்டர் காத்து இருந்தா அதிகம். 30 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் தண்ணிதான் ஆவியா தாங்கும், அப்ப மொத்தமும் 90 கிராம், அதுல பாதி ஏற்கனவே இருக்கும், நம்ம மூச்சும் வேர்வையும் வேற சேரும். கூலர்ல அரை லிட்டர் ஊத்துனா மிச்ச தண்ணி எங்க போகும்? டெண்ட் துணில முத்து முத்தா கோத்து படுக்கைல சொட்டும். அதனால கூலர மெஷ் ஜன்னலுக்கு வெளிய வச்சு உள்ள பாத்து ஊத விடுங்க, எதிர்ப்பக்கம் தொறந்தே இருக்கணும்.

அந்த கையடக்க யுஎஸ்பி கூலரால, அப்படி வச்சாலும் டெண்ட் முழுக்க ஜில்லுன்னு ஆகிடாது. அரை லிட்டர் தண்ணி 5 மணி நேரம் வந்தா கிட்டத்தட்ட 67 வாட்ஸ் சூடு எடுக்கும், சும்மா படுத்திருக்குற ஒரு ஆளு ஒடம்பே 100 வாட்ஸ் பக்கம் விடுது. ஐஸ் போட்டா சரியாகும்னு சொல்றாங்க, ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல்தான், தண்ணி ஆவியாகுறப்ப எடுக்குற 2400ஓட ஒப்பிட்டா அது கால் பங்கு கூட இல்ல. அந்த ஐஸ தண்ணி கேன்ல போட்டு குடிங்க.

நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு வேற, ஆவியாகி ஆவியாகி பேட்ல வெள்ளையா படிஞ்சு அடைச்சுக்கும். ஊர் திரும்புனதும் நல்லா அலசி காய வைங்க, தண்ணிய அப்படியே விட்டா டெங்கு கொசு முட்டை போட்டுடும்.

கெளம்புறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் கூட வேணாம், நனைச்ச துண்ட நிழல்ல கயித்துல போடுங்க. சீக்கிரம் மொடமொடன்னு காஞ்சா கூலர வண்டில ஏத்துங்க. சாயங்காலம் வரைக்கும் ஈரமாவே தொங்குனா 5 வாட்ஸ் ஃபேனும் 20000 எம்ஏஹெச் பவர் பேங்க்கும் போதும், விடியற வரைக்கும் ஓடும். தம்பிகிட்டயும் அதான் சொன்னேன், அந்த கூலர விக்காத, அடுத்த சித்திரைக்கு மாமா தோப்புக்கு எடுத்துட்டு வா.