சர்வதேச உறவுகள் படித்தால் எவ்வளவு உழைக்கலாம்?

போன ஞாயிறு காலை மூன்றாம் மாடி மாமி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அந்த நேரத்தில் கதவைத் தட்டுபவர்கள் கறிவேப்பிலை கேட்பார்கள். மாமி ஒரு வழுவழுப்பான கையேட்டை மேசையில் வைத்துவிட்டு, “பிள்ளை, நீர் படித்த அந்தச் சர்வதேச உறவுகளைப் படித்தால் மாதம் எவ்வளவு உழைக்கலாம்?” என்று கேட்டார்.

மகள் கலைப் பிரிவில் உயர்தரம் எழுதியவள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தவறவிட்டிருக்கிறாள். கையேடு ஒரு தனியார் கல்லூரியினுடையது: மூன்று ஆண்டு, பிரித்தானியப் பட்டம். கட்டணத்தில் ஒரு பகுதி ரூபாயில், இன்னொரு பகுதி பவுணில். பவுண் கணக்கு மட்டும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

மாமிக்கு வாயால் பதில் சொல்லாமல், வரவு செலவு எழுதிய என் சிஆர் கொப்பியை எடுத்து வந்தேன். அப்பா புறக்கோட்டை இரும்புக் கடையொன்றில் கணக்கு எழுதியவர். 2013இல் நான் கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குப் போன அன்று அதைத் தந்து, “ஒவ்வொரு சதமும் எழுது” என்றார். நான்கு ஆண்டுப் படிப்புக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பஸ், மதியச் சாப்பாடு, எல்லாவற்றையும் விழுங்கிய போட்டோக்கொப்பி என்று மூன்றரை இலட்சத்துக்குள் முடிந்தது. இறுதி ஆண்டில் மாதம் 5000 ரூபாய் மகாபொல புலமைப்பரிசில் வந்தது, அது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தில் அப்பா தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார். என்னோடு பாடசாலையில் படித்த தோழி உயர்தரத்தோடு வங்கியில் சேர்ந்தாள். அந்த நான்கு ஆண்டும் அவள் எடுத்த, நான் எடுக்காமல் விட்ட சம்பளம் அது. அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது பார்த்தால், அந்தக் கொப்பியிலேயே நேர்மையான வரி அதுதான்.

2018இல் முதல் வேலை: ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆய்வு உதவியாளர், மாதம் 45,000 ரூபாய், ஒப்பந்த அடிப்படை. ஒப்பந்த அடிப்படை என்றால், திட்டம் முடிந்த மறுநாள் நீங்களும் முடிந்துவிடுவீர்கள். இடையில் வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சையும் எழுதினேன், தேறவில்லை. “இந்தப் படிப்புப் படித்தவர்களுக்குத்தானே தூதரக வேலை?” என்றார் மாமி. அந்தப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம். பொறியியல் படித்தவரும் சட்டம் படித்தவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள், எடுக்கப்படுபவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. லக்ஷ்மன் கதிர்காமர்கூட வெளிநாட்டு அமைச்சராக வருமுன் சட்டத்தரணியாக இருந்தவர்தான் என்றேன். அந்தப் பெயரைக் கேட்டதும் மாமி பேச்சை மாற்றிவிட்டார். விடுதலைப் புலிகளை எதிர்த்த தமிழ் அமைச்சர் என்பதால் எங்கள் மாடியில் அந்தப் பெயர் தனி விவாதம், ஒரு தேநீரோடு முடியாது.

பவுண் என்றாலே எனக்கு வயிறு கலங்குவதற்குக் காரணம் உண்டு. 2021இல் பிரித்தானியாவில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. கட்டணம் 18,000 பவுண், அன்றைய விலையில் 49 இலட்சம் ரூபாய். தொற்றுக்குப் பயந்து ஓர் ஆண்டு தள்ளிப்போட்டேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. ரூபாயின் பெறுமதி விழ, மே மாதம் அதே 18,000 பவுண் 80 இலட்சத்தைத் தாண்டி நின்றது. கடன் மீள்கட்டமைப்பைப் பற்றி இறுதி ஆண்டில் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். எரிவாயு வரிசையில் வெற்றுச் சிலிண்டரில் உட்கார்ந்துகொண்டுதான் அந்த 80 இலட்சத்தைக் கொப்பியில் எழுதி, மேலே ஒரு கோடு போட்டேன்.

இந்த இடத்தில் மாமி கையேட்டை மூடினார். நான் மறுபடி திறந்தேன், ஏனென்றால் வரவுப் பக்கத்தில் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

2022 இறுதியில் கோட்டையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆவண வேலைக்குச் சேர்ந்தேன். பட்டத்துக்காக எடுக்கவில்லை, மூன்று மொழியும் எழுதுவேன் என்பதற்காக எடுத்தார்கள். ஒருநாள் மெத்தை நாற்காலி செய்யும் ஒரு வாடிக்கையாளரின் கோப்பு வந்தது. இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இலங்கை–இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி சுங்கத் தீர்வைச் சலுகை வேண்டுமென்றால், பொருளின் ஏற்றுமதிப் பெறுமதியில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். அவருடைய கணக்கில் 27.6தான் வந்தது. நுரைமெத்தையும் ஆணியும் சீனாவிலிருந்து, துணி இந்தியாவிலிருந்து. சலுகை கிடைக்காது என்று கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். நான் உடன்படிக்கையையே எடுத்து வாசித்தேன். வகுப்பில் நாங்கள் செய்த வேலையே அதுதான்: யாரோ எழுதிய சுருக்கத்தை நம்பாமல் மூலத்தை எடுத்து, பின்னிணைப்புவரை போவது. இந்திய மூலப்பொருள் கலந்திருந்தால் உள்நாட்டுப் பங்கு 25 சதவீதம் போதும், இரண்டும் சேர்ந்து 35ஐ எட்டினால் சரி என்று அங்கே இருக்கிறது. துணியின் பங்கு 11 சதவீதம். கூட்டினால் 38.6. கோப்பைத் திறந்தோம், நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு உடன்படிக்கை, யாரோடு வணிகம் செய்யக்கூடாது என்ற தடைப்பட்டியல் என்று எது வந்தாலும் என் மேசைக்கு வரத் தொடங்கியது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது, வாடிக்கையாளர்களுக்கான குறிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். சம்பளம் இரண்டு தடவை கூடியது. நான் தேர்ந்த துறைக்கு இது வெகுதூரம் என்று என் பழைய வகுப்புத் தோழர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்களில் பாதிப்பேர் அடுத்த திட்டத்துக்கான நிதியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு இந்த வரவு வந்தது மூன்றரை இலட்சம் ரூபாய் முதலீட்டில். பவுணில் கட்டி, அதற்குக் கடனும் எடுத்திருந்தால் இந்தச் சம்பளம் வட்டிக்கே போயிருக்கும். இதை மாமியிடம் நேராகவே சொன்னேன். அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் எந்தெந்தப் பாடநெறிகள் இருக்கின்றன என்று முதலில் பார்க்கச் சொன்னேன். துறையில் ஆசை இருந்தால், பௌத்தாலோக மாவத்தை பண்டாரநாயக்க மண்டப வளவிலேயே சர்வதேசக் கற்கைகளுக்கான நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு டிப்ளோமா செய்து பார்க்கலாம். அந்த ஆண்டில் சிங்களத்தை எழுதப் பழகினால் இன்னும் நல்லது.

அதுவரை வாயே திறக்காத மகள், “சீனத் துணி என்றால் அந்த நாற்காலி போயிருக்காதா, அக்கா?” என்று கேட்டாள். போயிருக்கும், தீர்வையோடு என்றேன். அவள் என் கொப்பியின் மூலையில் 27.6ஐயும் 35ஐயும் எழுதிக் கழித்துப் பார்த்தாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது மாமி திரும்பி, “கணக்கியல் படித்திருந்தால்?” என்றார். கணக்கியல் படித்த என் தங்கை என்னைவிட மாதம் 40,000 ரூபாய் கூட எடுக்கிறாள். அதையும் சொன்னேன்.